மூன்று மஞ்சள், ஒரே சான்றிதழ்

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்து பத்திரிகையாளர்களைக் கூட்டி, நான்காம் கட்டப் புற்றுநோயிலிருந்து தம் மனைவி மீண்டுவிட்டதாகச் சொன்னார். அதற்குக் காரணமாக அவர் அடுக்கியவற்றில் பச்சை மஞ்சள், வேப்பிலை, துளசி, எலுமிச்சைச் சாறு எல்லாம் இருந்தன. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்திருந்த விஷயம், வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போகும்போது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை உடனே ஓர் அறிக்கை விட்டது. 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை அது. மஞ்சளும் வேம்பும் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குத் தரமான ஆதாரம் கிடையாது, நிரூபிக்கப்படாத வைத்தியத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றது. சித்துவும் பிற்பாடு, மருத்துவர்களைக் கலந்துதான் அந்த உணவுமுறையைக் கடைப்பிடித்தோம் என்று விளக்கம் தந்தார். விளக்கங்களுக்கு வாட்ஸ்அப்பில் அவ்வளவு கால் கிடையாது.

அந்தப் பேச்சு அத்தனை எளிதாகப் பரவியதில் வியப்பில்லை. கேட்டவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததைத்தான் அது சொன்னது.

அந்த நம்பிக்கையை அதன் வலுவான வடிவிலேயே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். மஞ்சள் நம் முன்னோர் கண்ட மருந்து. புண்ணுக்கும் சளிக்கும் அம்மைக்கும் ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. பயனில்லாத ஒன்றை இத்தனை தலைமுறை கைவிடாமல் வைத்திருக்குமா? அமெரிக்காக்காரனே காப்புரிமை வாங்கப் பார்த்தான் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். இப்போது விஞ்ஞானமும் குர்குமின் என்று பெயர் வைத்து அதை ஒப்புக்கொண்டுவிட்டது. போதாததற்கு அது உணவு. தினமும் குழம்பில் போடுகிற பொருள் உடம்புக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? இதைச் சொல்பவர்கள் முட்டாள்கள் அல்லர். படித்தவர்கள், பேராசிரியர்கள், சில மருத்துவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். 2020 மார்ச் இறுதியில், கொரோனா தொடங்கிய வேளையில், மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையிலும் 150 மில்லி சூடான பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் கலந்து தினம் ஓரிரு முறை குடிக்கச் சொல்லியிருந்தது.

இந்த வாதத்தின் ஒவ்வொரு படியிலும் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. கோளாறு துணுக்குகளில் இல்லை, அவற்றைக் கோத்த விதத்தில் இருக்கிறது. பாட்டி பற்றுப் போட்ட மஞ்சள் ஒன்று. குழம்பில் விழும் மஞ்சள் தூள் இன்னொன்று. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துக் கேப்சூலில் அடைத்த குர்குமின் மூன்றாவது. இம்மூன்றும் மூன்று பொருள்கள். அளவும் வழியும் வேலையும் வேறு. ஒன்று சம்பாதித்த நற்பெயரை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. மஞ்சளைப் பற்றிய பொதுப் பேச்சு முழுவதும் இந்தக் கைமாற்றில்தான் நிற்கிறது.

1. பாட்டி சொன்னது இதுவா?

தமிழ் வீடுகளில் மஞ்சள் மருந்தாகப் பயன்பட்ட இடங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெரும்பாலானவை வெளிப்பூச்சு. சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. சேற்றுப்புண்ணுக்கும் பித்தவெடிப்புக்கும் எண்ணெயில் குழைத்த மஞ்சள். அம்மை இறங்கும்போது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவது. மூக்கடைப்புக்கு விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகையை இழுப்பது. முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள், குளிக்கப் பூசு மஞ்சள், சமையலுக்கு விரலி மஞ்சள் என்று வகைக்கு ஒரு வேலை உண்டு. மர மஞ்சளோ மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்த செடியே அல்ல. ஒன்றுக்குப் பதில் ஒன்றை எந்தப் பாட்டியும் கொடுத்ததில்லை.

உள்ளுக்குச் சாப்பிடும்போது கட்டுப்பாடு இன்னும் அதிகம். சித்த மருத்துவத்தில் பெரும்பாலும் எந்தச் சரக்கும் தனியாக வந்து நோயைத் தீர்ப்பதில்லை. சரக்கைச் சுத்தி செய்ய வேண்டும், மற்ற சரக்குகளோடு அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும், தேன், பால் போன்ற எந்த அனுபானத்தில் கொடுப்பது என்று பார்க்க வேண்டும், எத்தனை நாள், என்ன பத்தியம் என்று வரையறுக்க வேண்டும். நாள்தோறும், வாழ்நாள் முழுக்க, எல்லோருக்கும், எல்லா நோய்க்கும் ஒரே சரக்கு என்ற எண்ணமே அந்த முறைக்கு அந்நியம்.

ஒரு சான்று போதும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழகத்தில் வீதி வீதியாகக் காய்ச்சி ஊற்றப்பட்ட சித்த மருந்துகள் இரண்டு. டெங்குக் காலத்து நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. கொரோனாக் காலத்துக் கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, இலவங்கம் தொடங்கிப் பதினைந்து சரக்கு. இரண்டிலும் மஞ்சள் இல்லை. அந்தக் குடிநீர்கள் எவ்வளவு வேலை செய்தன என்பது தனிக் கேள்வி. காய்ச்சலுக்குச் சித்தர் மரபு வகுத்த பட்டியலில் இல்லாத பொருளைச் சித்தர் மரபின் பெயராலேயே காய்ச்சலுக்கு ஊற்றுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

2. நீண்ட நாள் நீடித்ததாலேயே ஒன்று வேலை செய்துவிடுமா?

பெரியம்மையைப் பாருங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அம்மைக்கு மருந்து என்பதைவிட ஆழமாக வேரூன்றிய வைத்திய நம்பிக்கை தமிழ்நாட்டில் வேறில்லை. வாசலில் வேப்பிலை, உடம்பில் மஞ்சள், கோயிலில் மாரியம்மன். நூற்றாண்டுக் கணக்கில் இத்தனையும் இருந்தன, பெரியம்மையும் இருந்தது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார். 1980இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாக அறிவித்தது. இடையில் நடந்தது தடுப்பூசி இயக்கமும், வீடு வீடாகப் போய் நோயாளியைக் கண்டுபிடித்துச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்ட வேலையும். மஞ்சள் அரிப்பைத் தணித்திருக்கலாம், நோயாளிக்கு இதமாக இருந்திருக்கலாம். நோயை அது தடுக்கவில்லை.

ஒரு பழக்கம் நீடிக்க அது நோயைக் குணமாக்க வேண்டிய அவசியம் இல்லை. சளி ஒரு வாரத்தில் தானாகவே போகும். சிறு கீறல் தானாகவே ஆறும். நடுவில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்கு.

இதே தவறு வேறு உடையிலும் வரும். இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் இங்கே மறதிநோய் குறைவு என்பார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைவிட அல்சைமர் நோய் குறைவாகப் பதிவானது உண்மைதான். ஆனால் கண்காணித்த காலம் குறுகியது, ஒப்பீட்டில் எச்சரிக்கை தேவை என்று ஆய்வாளர்களே எழுதி வைத்தார்கள். நாட்டுக் கணக்கை வைத்து மசாலாவை அளப்பதென்றால், 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். உலகிலேயே அதிகம் மஞ்சள் விளைவித்து அதிகம் மஞ்சள் உண்ணும் நாடும் இதுவே. மஞ்சளால் சர்க்கரை வருகிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் கூடாது. அப்படியானால் முதல் கணக்கையும் விட்டுவிட வேண்டியதுதான்.

3. காப்புரிமை வழக்கில் எது வென்றது?

மஞ்சள் பேச்சில் இந்த வழக்கு வராமல் இருக்காது. 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 5,401,504. கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் கொடுத்த இருவருமே இந்திய வம்சாவளியினர். ரகுநாத் மஷேல்கர் தலைமையில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர். 1996இல் அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூல் முதல் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை வரை 32 ஆவணங்களைக் கொண்டுபோய் வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. பெருமைப்பட வேண்டிய வெற்றி. மரபு அறிவை இலக்கமுறையில் பதிந்து வைக்கும் மின்நூலகம் உருவாக அது வழி திறந்தது.

ஆனால் அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி என்ன? இது புதிதா என்பது. புதிதல்ல என்று தீர்ந்தது. புண்ணை ஆற்றுகிறதா, எவ்வளவு ஆற்றுகிறது, சாதாரணக் களிம்பைவிட மேலா என்பதை அந்த வழக்கு தீர்மானிக்கவில்லை. ஒரு பழக்கம் பழையது என்று நிரூபித்த தீர்ப்பை, அது பலிக்கிறது என்று நிரூபித்த தீர்ப்பாக இன்றும் மேடைகளில் வாசிக்கிறார்கள். வழக்கும் வெளிப்பூச்சைப் பற்றியதுதான். புற்றுநோய்க்கு மஞ்சள் பால் குடிப்பவருக்கு அதில் ஒரு வரி ஆதரவும் இல்லை.

4. ஆய்வுக்கூடத் தட்டில் செத்த செல், உடம்பில் சாகுமா?

குர்குமினை மஞ்சளிலிருந்து முதலில் பிரித்தது 1815இல். அதன் வேதி அமைப்பு 1910இல் தெரியவந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, கிருமியை அழிக்கிறது, மூளையில் படியும் புரதத்தைக் கரைக்கிறது. ஒரே மூலக்கூறு இத்தனை வேலை பார்க்கிறது என்றால் மகிழ்வதா, சந்தேகப்படுவதா?

மருந்து வேதியியலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். 2017இல் கேத்ரின் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' இதழில் எழுதிய விரிவான கட்டுரை காரணத்தை விளக்கியது. குர்குமின் தானாக ஒளிரும் பொருள். சோதனைக் கருவிகளில் பல ஒளியைத்தான் அளக்கின்றன. அது அகப்பட்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், செல்லின் சவ்வைக் குலைக்கும். ஆக எந்தச் சோதனையில் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்று காட்டும். இப்படி ஏமாற்றும் மூலக்கூறுகளுக்கென்று வேதியியலாளர்கள் எச்சரிக்கைப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். குர்குமின் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். போதாக்குறைக்கு, உடம்பின் காரத்தன்மையை ஒத்த கரைசலில் அது சில நிமிடங்களில் சிதைந்துபோகிறது.

இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று, ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிய பாரத் அகர்வால். அவர் பெயர் தாங்கிய கட்டுரைகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை அறிவியல் இதழ்கள் திரும்பப் பெற்றுவிட்டன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மேற்கோள் காட்டிய கட்டுரை, அதை மேற்கோள் காட்டிய செய்தி, அதைப் படித்து எடுத்த யூடியூப் வீடியோ ஆகியவற்றை யார் திரும்பப் பெறுவது?

5. ஒரு டம்ளர் பாலில் எவ்வளவு குர்குமின் இருக்கிறது?

கணக்குப் போட்டால் போதும், பாதி வாதம் கரைந்துவிடும். மஞ்சள் தூளில் சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்குதான் குர்குமின். மேகாலயத்தின் லகடாங் போன்ற சில ரகங்களில் இதைவிடக் கூடுதல். டீஸ்பூன் மஞ்சள் மூன்று கிராம் என்று வைத்தால், ஆயுஷ் சொன்ன அரை டீஸ்பூனில் இருப்பது சுமார் 45 மில்லிகிராம். மனிதர்களிடம் குர்குமினைச் சோதித்த ஆய்வுகளில் கொடுத்த அளவு என்ன? நாளொன்றுக்கு ஒன்றரை கிராம், இரண்டு கிராம், சிலவற்றில் எட்டு கிராம். இரண்டு கிராம் வேண்டுமென்றால் மஞ்சள் பால் நாற்பது டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும். எட்டு கிராமுக்கு கால் கிலோவுக்கும் மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்.

அதனால்தான் மிளகு சேர்க்கிறோம் என்பார்கள். இந்தப் பதில் கெட்டிக்காரத்தனமானது, ஆகவே இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. இந்த எண்ணைச் சொல்லாத மஞ்சள் விளம்பரம் கிடையாது. விளம்பரம் சொல்லாதவை மூன்று. குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது அகப்படவே இல்லை, அல்லது மிகமிகக் குறைவாக இருந்தது. ஒன்றுமில்லாததற்குச் சற்று மேலான எண்ணை இருபது மடங்காக்கினால் வருவதும் சொற்பம்தான். கூடுதல் தெரிந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில்தான். மூன்றாவது, கொடுத்தது இரண்டு கிராம் குர்குமின், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் அல்ல. 20 மில்லிகிராம் பைப்பரின் அரை கிராமுக்கும் குறைவான மிளகிலேயே கிடைத்துவிடும். தட்டுப்பாடு மிளகில் இல்லை, மஞ்சளில்தான்.

6. மனிதர்களிடம் சோதித்தபோது என்ன நடந்தது?

வென்றதை முதலில் சொல்லிவிடலாம். ஜப்பானில் 2006இல் வெளியான ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி அடங்கியிருந்த 89 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான மாத்திரையோடு தினம் இரண்டு கிராம் குர்குமின் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் சுமார் ஐந்து சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் இருபது சதவீதம் பேருக்கு. தாய்லாந்தில் மூட்டுவலிக்காரர்கள் 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த சோதனையில், மஞ்சள் சாற்றுக் கேப்சூல் இபுபுரோஃபெனுக்கு நிகராக வலியைக் குறைத்தது. அங்கேயே 2023இல் வெளியான இன்னொரு சோதனையில் அஜீரணக் கோளாறுக்குக் குர்குமின் ஒமிப்ரசோல் மருந்துக்குச் சமமாக நின்றது. இவை மதிக்கத்தக்க முடிவுகள். மூன்றுமே கேப்சூல், மூன்றும் குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட காலம்.

தோற்றவற்றையும் அதே குரலில் சொல்ல வேண்டும். அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் பலன் இல்லை. கணையப் புற்றுநோய்க்குத் தினம் எட்டு கிராம் கொடுத்த சோதனையில் பலனை மதிப்பிட முடிந்த 21 பேரில் ஏதேனும் மாற்றம் தெரிந்தது இருவரிடம் மட்டும். கனடாவில் பத்து மருத்துவமனைகளில், வயிற்றுப் பெருநாடி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 606 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2018இல் வந்தது. அறுவை சிகிச்சையை ஒட்டிக் குர்குமின் கொடுத்தால் சிறுநீரகம் காக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு வெற்று மாத்திரைக்காரர்களில் 10 சதவீதம், குர்குமின்காரர்களில் 17 சதவீதம்.

நம் மரபுக்கு மிக நெருக்கமான ஆய்வு 1992இல் வந்தது. சிரங்கு வந்த 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். மூன்று முதல் பதினைந்து நாளில் 97 சதவீதம் பேருக்குக் குணமானது. பாட்டி செய்ததைப் பாட்டி செய்த விதத்திலேயே சோதித்த அபூர்வமான வேலை அது. ஆய்வாளர்கள் அதை முன்னோட்டம் என்றுதான் தலைப்பிலேயே அழைத்தார்கள். மஞ்சளின் பெருமை பேசுபவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. சிரங்குக்கு என்ன கவர்ச்சி இருக்கிறது?

7. 'உணவுதானே!' என்று எதைச் சொல்கிறார்கள்?

குழம்பு மஞ்சள் பாதுகாப்பானது. அந்த நற்பெயர் நியாயமாகச் சம்பாதித்தது. அது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணமே அதன் அளவு குறைவு, ரத்தத்தில் சேர்வது அதைவிடக் குறைவு என்பதுதான். இந்த இரண்டு வேலியையும் பிடுங்கிவிட்டு, குர்குமினை அடர்த்தியாக்கி, பைப்பரின் சேர்த்து உடம்புக்குள் தள்ளிவிட்டு, வேலி இருந்த காலத்து நற்பெயரை மட்டும் லேபிளில் ஒட்டுவதற்கு என்ன நியாயம்?

மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க வலையமைப்பு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரின் விவரத்தை வெளியிட்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு ஆபத்து என்பது ஆளைப் பார்த்தால் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விடுத்தபோது, அதனிடம் இத்தகைய 18 புகார்கள் வந்திருந்தன. இத்தாலி 2022இல் இவ்வகை மாத்திரைகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்தில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்த ஒருவர் மஞ்சள் மாத்திரையும் சேர்த்து எடுத்ததில், ரத்தம் உறையும் அளவீடான ஐ.என்.ஆர். பத்தைத் தாண்டியது. இதய வால்வு மாற்றியவர்களுக்குக்கூட இரண்டு, மூன்று என்றுதான் அதை வைத்திருப்பார்கள். பைப்பரின் வேறு மருந்துகளும் உடலில் தங்கும் அளவைக் கூட்டும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் அவற்றில் ஒன்று.

எண்ணிக்கை சிறிது என்று வாதிடலாம். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் பத்தும் பதினெட்டும் பெரிதல்லதான். ஆனால் பக்கவிளைவே இல்லை என்பது எண்ணிக்கையைப் பற்றிய கூற்று அல்ல, முழு மறுப்பு. அதை உடைக்க ஒருவர் போதும்.

8. அந்தத் தூளில் மஞ்சள்தான் இருக்கிறதா?

மஞ்சள் கிழங்கு வயலிலிருந்து நேராக மாவாகிவிடுவதில்லை. கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, சுழலும் இரும்பு டிரம்மில் போட்டுப் பாலிஷ் போடுகிறார்கள். மேல்தோல் உரசிப் போய், மங்கலாக உள்ளே போன விரலி பளபளவென்று வெளியே வரும். சந்தையில் விலையைத் தீர்மானிப்பதில் அந்த நிறத்துக்குப் பெரிய பங்குண்டு. நிறத்துக்கு விலை இருக்கும் இடத்தில் நிறத்தைக் கலக்கவும் ஆள் இருக்கும்.

வங்கதேசத்தில் அதுதான் நடந்தது. 1980களின் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்க, பாலிஷ் போடும் இடத்தில் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைத் தூவத் தொடங்கினார்கள். பெயின்டில் போடும் சரக்கு. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சள் ஆலைகளில் போய் நின்றார்கள். 2019இல் அரசு விழித்துக்கொண்டு சோதனை, அபராதம், பிரச்சாரம் என்று இறங்கியது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021இல் பூச்சியமானது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளைப் பற்றி 2024இல் வந்த ஆய்வில், பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சிலவற்றில் கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. இந்திய உணவுத் தரச் சட்டம் மஞ்சளில் அனுமதிக்கும் உச்ச வரம்பு கிராமுக்குப் பத்து.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று குழந்தைக்குத் தினம் அரை டீஸ்பூன் மஞ்சள் கொடுக்கச் சொல்பவர், எந்தத் தூளில் அந்த அரை டீஸ்பூன் என்று சொல்வதில்லை. குழம்பில் ஒரு சிட்டிகை என்றால் நஞ்சும் சிட்டிகை அளவில் நிற்கும். மருந்து என்று அளவைக் கூட்டினால் அதுவும் கூடும்.

இதனால் யாருக்கு நஷ்டம்?

தீக்காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை நினைத்துப் பாருங்கள். தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, கொப்புளத்துக்கு அடியில் என்ன நிறம் என்று பார்த்துத்தான் காயத்தின் ஆழத்தைக் கணிக்க முடியும். மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. சிகிச்சைக்கு முன்னால் அதைக் கழுவ வேண்டும், வெந்த தோலில் ஒவ்வொரு துடைப்பும் உயிர் போகிற வலி. சர்க்கரை நோயாளி பாதத்தில் ஆழமாகப் போன புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டால், பாதம் மரத்திருப்பதால் வலிகூட எச்சரிக்காது. விரலை எடுப்பதோடு முடிந்திருக்க வேண்டியது காலை எடுப்பது வரை போகும். புற்றுநோயில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை என்ன என்பதைத்தான் அந்த 262 பேரும் சொன்னார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே இந்தியா சட்டம் இயற்றியது. புற்றுநோய், சர்க்கரை உட்பட 54 நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். அச்சு விளம்பரத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. 'என் அனுபவம்' என்று தொடங்கும் ஒன்றரை நிமிட வீடியோ அதன் கையில் லேசில் சிக்குவதில்லை.

மரபின் எதிரிகளா இப்படிக் கேட்பவர்கள்?

கடைசியில் வந்து விழும் குற்றச்சாட்டு இது: மேற்கத்திய மருந்துக் கம்பெனிகளின் குரல், மண்ணின் அறிவை மட்டம் தட்டும் காலனிய மனம். குர்குமின் கேப்சூல் எந்த மண்ணின் அறிவு? அசிட்டோன், எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, பிரித்து, படிகமாக்கி, கேப்சூலில் அடைத்து, உலகச் சந்தையில் விற்கும் கம்பெனிச் சரக்குதான் அதுவும். மஞ்சள் பற்றுப் போட்ட பாட்டியின் படத்தை டப்பாவில் ஒட்டுவதால் அது மரபாகிவிடாது. நோய் பார்த்து, உடல் பார்த்து, அளவும் பத்தியமும் வகுத்த ஒரு மருத்துவ முறையை 'எல்லோரும் தினம் ஒன்று சாப்பிடுங்கள்' என்று சுருக்குவதைவிடப் பெரிய அவமதிப்பை எந்தக் காலனியக்காரனும் அதற்குச் செய்ததில்லை.

மரபின் மேல் மெய்யான அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. குர்குமின், பைப்பரின் மாத்திரைகளின் அட்டையில் கல்லீரல் எச்சரிக்கையும், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேர்க்கக் கூடாது என்ற வாசகமும் தமிழில் இருக்க வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் மருத்துவர், மஞ்சள் மாத்திரை உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதை மாத்திரையாகவே எண்ணாத நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை வாங்குபவருக்கு, நிறத்தோடு ஈயச் சோதனை முடிவும் கையில் கிடைக்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. 814 பேரோடு 1992இல் முன்னோட்டமாக நின்ற வேலையை அங்கே எடுத்துச் செய்யலாம்: சிரங்கு நோயாளிகளில் சம்மதிக்கும் பாதிப் பேருக்கு வேப்பிலை மஞ்சள் பற்று, மீதிப் பேருக்கு பெர்மெத்ரின் களிம்பு, யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, எது கொடுக்கப்பட்டது என்று தெரியாத ஒருவர் தோலைச் சோதித்து முடிவைப் பதிய வேண்டும். பற்று தோற்றாலும் சரி, வென்றாலும் சரி, முடிவை அப்படியே வெளியிட வேண்டும்.